பார்க்கிங்கில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படமும் அதன் கீழே நடந்ததும் உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். நான் இருக்கிற புறநகரின் ரயில் நிலையத்தை ஒட்டிய பார்க்கிங், ஒரு வண்டிகூட இல்லாமல் காலியாக, நடுவில் என் மகளும் அவளுடைய சைக்கிளும். படம் அவ்வளவுதான். "வார இறுதிக்குப் போக இதுதான் கிடைத்ததா" என்று ஒருவர் ஆரம்பித்தார். கடைசியில் "அது தூங்குவதற்கு மட்டும் இருக்கிற ஊர், அங்கே வேறு என்ன இருக்கப்போகிறது" என்பதில் வந்து நின்றது. யார் யார் சிரிப்பு பொம்மை போட்டீர்கள் என்பதையும் பார்த்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பதில் சொன்னால் சண்டைக்கு வருகிறான் என்பீர்கள், சொல்லாவிட்டால் நீங்கள் சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. திங்கள் முதல் வெள்ளி வரை இந்த ஊரில் நான் தூங்குகிறேன். சனி, ஞாயிறு மட்டும்தான் இங்கே வாழ்கிறேன். காலை 6.40க்கு வண்டி ஏறினால் இரவு எட்டரைக்கு மேல்தான் இதே நடைமேடையில் இறங்குகிறேன். வீட்டுக்கடன் மட்டும் ஏழு நாளுக்கும் கட்டுகிறேன். மிச்சம் கிடைக்கிற இரண்டு நாளையும் தூக்கிக்கொண்டு போய், ஐந்து நாளும் இருந்துவிட்டு வந்த அதே நகரத்தில் ஏன் கொட்ட வேண்டும்? யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

இந்த ஊருக்கு வந்து முதல் நான்கு வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். சனிக்கிழமை விடிந்தால் கிளம்ப வேண்டும், எங்கே என்பது அப்புறம். ஒரு சனிக்கிழமை காய்ச்சலால் எங்கும் போகவில்லை. மாலையில் கொஞ்சம் தேறியதும், ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் அந்தப் பத்து நிமிடப் பாதையில் சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று போனேன். தினமும் இரண்டு தடவை நடக்கிற பாதை. வளைவில் ஒரு பெரிய மரம் நிற்கும், இரவில் கருப்பாக ஒரு உருவம், காலையில் அவசரத்தில் அதன் பக்கம் திரும்பியதே இல்லை. அன்றைக்குத்தான் அது பூக்கிற மரம் என்று தெரிந்தது. கீழே பாதை முழுக்க மஞ்சளாகக் கிடக்கிறது. நான்கு வருடமாக அந்தப் பூவை மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். இதைப் படித்துவிட்டுச் சிலருக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு அன்று தொண்டை அடைத்தது.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டே அறையில் ஒரு நூலகம் இருக்கிறது. வார நாளில் நான் இறங்கும்போது பூட்டியிருக்கும், ஆகவே என்னைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் மதியம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, நிற்காமல் போகும் சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணுவார். இப்போது சனிக்கிழமைகளில் என் மகளும் அவரோடு எண்ணுகிறாள். அப்புறம் அந்த பார்க்கிங். ஐந்து நாளும் ஒரு சைக்கிளைச் சொருக இடம் இருக்காது. சனிக்கிழமை காலையில் காலியாகிவிடும், ஊரிலேயே சமமான, மேடுபள்ளம் இல்லாத, வண்டி குறுக்கே வராத பெரிய இடம் அதுதான். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் சைக்கிள் பழகுவது அங்கேதான். புறநகரில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"தூங்குகிற ஊர்" என்ற சொல் புதிது இல்லை என்பது எனக்கும் தெரியும். ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஊரை நேரடியாகத் தூக்க நகரம் என்றே சொல்கிறார்கள், ஜப்பானில் பெட் டவுன், அதாவது படுக்கை ஊர். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து பார்க்கிறது என்று யோசித்தீர்களா? நகரத்தில் நின்றுகொண்டு பார்த்தால்தான் இது தூங்குகிற ஊர். அதே ஜப்பானில் கோபயாஷி இச்சிசோ என்பவர் 1910இல் ஒசாகாவிலிருந்து வெளியே போகும் மின்சார ரயில் பாதையைத் திறந்தார், இன்றைய ஹான்க்யூ ரயிலின் தொடக்கம் அது. பாதையோரம் நிலம் வாங்கி வீடு கட்டித் தவணையில் விற்றார். வேலை நாளில் ஜனங்கள் நகரத்துக்குப் போய்த் திரும்புவார்கள், சரி, விடுமுறை நாளில் வண்டியை யார் நிரப்புவார்கள்? நகரத்து ஆட்களை வெளியே வரவழைத்தார். அந்தப் பாதையில் இருக்கும் மினோவில் விலங்குக் காட்சிசாலை, தகராசுகாவில் வெந்நீர்க் குளியல் நிலையம், 1914இல் அங்கேயே பெண்கள் மட்டும் நடிக்கும் மேடைக்குழு. லண்டனில் மெட்ரோபாலிட்டன் ரயில்வே 1915இல் தன் பாதையோரப் பகுதிகளுக்கு மெட்ரோலேண்ட் என்று பேர் வைத்து, குடிவர வாருங்கள், விடுமுறையில் காலாற நடக்க வாருங்கள் என்று விளம்பரம் செய்தது. வார இறுதியில் ஜனங்கள் புறநகர்ப் பக்கம் வருவார்கள் என்று நூறு வருடத்துக்கு முன்பே தண்டவாளம் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் நம்ப முடியவில்லை.

"சும்மா இருப்பதற்கு இவ்வளவு நியாயமா, சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போ" என்பார்கள். சொல்லட்டும், ஆனால் கணக்கையும் பார்க்கட்டும். ஒரு வழிக்கு 1 மணி 10 நிமிடம். ஐந்து நாளுக்குப் போக வர 11 மணி 40 நிமிடம். மனிதர்கள் எங்கே வாழ்ந்தாலும் ஒரு நாளில் பயணத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள் என்று 1994இல் மார்ச்செட்டி என்ற இத்தாலிய அறிவியலாளர் எழுதினார். நான் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகிறேன். 2004இல் டெக்ஸாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்த வேலையில் மனது எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். கடைசி இடம் காலையில் வேலைக்குப் போகும் பயணத்துக்கு. இது தெரிய ஆய்வு வேண்டியதில்லை, காலை வண்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தாலே போதும். ஐந்து நாள் அப்படிப் போய்வந்தவனை ஆறாவது நாளும் வண்டி ஏறு, அதுதான் பொழுதுபோக்கு என்றால் என்ன அர்த்தம்?

இந்த இரண்டு நாளும் நமக்குச் சும்மா கிடைத்தவை இல்லை. பிரிட்டனில் துணி ஆலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும் என்பதற்கே 1850இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டு தன் ஆலைகளில் வாரத்துக்கு 5 நாள் என்று அறிவித்தது 1926இல். ஓய்வு கிடைத்தால் ஜனங்கள் வெளியே போவார்கள், பொருள் வாங்குவார்கள் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்த எண்ணம் இன்னும் நம் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. எங்காவது போய் எதையாவது வாங்கி, படம் எடுத்துப் போட்டால்தான் அது லீவு. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தால் கணக்கில் வராது.

பிள்ளைகளுக்குப் போரடிக்காதா? அடிக்கும். அடிக்கட்டும். போரடித்த பிறகுதான் என் மகள் சரக்குப் பெட்டி எண்ணப் போனாள்.

ஒரு தோழி உள்பெட்டியில் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. "நீ வீட்டில் இருப்பது உனக்கு ஓய்வு, வீட்டில் வேலை பார்க்கிறவளுக்கும் ஓய்வா?" நியாயமான கேள்வி. சனிக்கிழமைத் துணி துவைப்பதும் காயப்போட்டு மடிப்பதும் என் வேலை, ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அதே சமயம், வெளியே போகிற நாளில் விடியற்காலை எழுந்து எல்லாருக்கும் பை கட்டி, திரும்பி வந்து அந்தப் பையைப் பிரிப்பது யார்? அதையும் கொஞ்சம் பேசலாம்.

அப்பாவைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதாமல் முடியாது போலிருக்கிறது. வேறொரு புறநகரில், நகரத்திலிருந்து இதே அளவு தூரத்தில், நாங்கள் 27 வருடம் இருந்தோம். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது நாங்கள் எழுந்திருக்க மாட்டோம், திரும்பும்போது தூங்கியிருப்போம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் "இங்கே என்ன இருக்கிறது, கிளம்புங்கள்" என்று அதே வண்டியில் எங்களை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். பாசத்தில்தான் செய்தார், பிள்ளைகள் ஒன்றும் இல்லாத ஊரில் அடைந்து கிடக்கக் கூடாது என்று. ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் காலையில் நடக்கப் போனவர் மதியம் வரை வரவில்லை. அம்மா பதறிப்போய் எனக்கு ஃபோன் செய்தார். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் நான்காவது தெருவில் நின்றுகொண்டிருந்தார். வழி தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, 27 வருடம் இருந்த ஊரில் வழி கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. ஞாபக மறதி எல்லாம் இல்லை, கடைசிவரை அவர் மூளை கூர்மையாகத்தான் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் போகிற பாதை ஒன்றைத் தவிர அந்த ஊரில் அவர் வேறு எதையும் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்து, "இந்தப் பக்கம் ஒரு குளம் இருக்கிறதே, எப்போது வெட்டினார்கள்?" என்று கேட்டார். அந்தக் குளம் அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

அதனால் "அங்கே என்ன இருக்கிறது" என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

முதல் கமெண்ட் போட்டவர் யார் என்று பலருக்குத் தெரியும், பேர் எழுத மாட்டேன். மூன்று வருடம் ஒரே பெட்டியில், ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்வந்தோம். உட்கார இடம் கிடைத்தால் பாதி தூரம் நீ, பாதி தூரம் நான். சீசன் டிக்கெட்டை மறந்துவிட்டு வந்த அன்றைக்கு யார் யாருக்காக இறங்கி நின்றோம் என்பது உனக்கும் ஞாபகம் இருக்கும். அப்புறம் நீ நகரத்துக்குள் வீடு பார்த்துக்கொண்டு போனாய், எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான், இனி உனக்கு அந்தப் பயணம் இல்லையே என்று. ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் ஒரு சனிக்கிழமை வா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வா என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? வந்தது ஒரே தடவை, அதுவும் நாங்கள் இப்போதைய வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று. நான்கு மணிக்கு மேல் இருந்தால் வண்டி கூட்டமாக இருக்கும் என்று கிளம்பிவிட்டாய். உன் வீட்டுக்கு நாங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் எண்ணவில்லை. நகரத்தில் இருக்கிறவர்களைப் பார்க்க நாங்கள் வர வேண்டும், எங்களைப் பார்க்க யாரும் வருவதில்லை, அப்புறம் ஊரில் ஒன்றும் இல்லை என்றும் நீங்களே சொல்கிறீர்கள். பார்க்கிங் என்று வேறு யாராவது சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உனக்கு அந்த இடம் தெரியும். நாம் இரண்டு பேரும் அங்கேதான் வண்டியை நிறுத்தினோம்.

படத்தை மறுபடி ஒரு தடவை பாருங்கள், சிரித்தவர்களும் பாருங்கள். சைக்கிளின் பின்னால் யாரும் இல்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமையாக சீட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன், "விட்டுடாதே அப்பா, விட்டுடாதே" என்று கத்திக்கொண்டே போவாள். அன்றைக்குத்தான் கையை எடுத்தேன். எடுத்த கையோடு ஃபோனை எடுத்துக் கிளிக்கினேன். அவளுக்குத் தெரியாது. கோடிச் சுவர் வரைக்கும் போய், அங்கே நிறுத்திவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.