பிரேக் ஜர்னி ரெண்டுதான்!

(பாரிஸில் மகன் வீடு. ஈரோட்டில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற முத்துசாமி, தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார். வியன்னாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயிலில் போக ஏற்பாடு. மனைவி சரோஜா கீரை ஆய்கிறாள்.)

முத்துசாமி: சரோசா, சார்ட்டு ரெடி. ஸ்ட்ராஸ்பர்க், ஸ்டட்கார்ட், உல்ம், மியூனிக், சால்ஸ்பர்க். அஞ்சு ஊரு, ஊருக்கு ஒண்ணேகால் மணி நேரம். ராத்திரி வியன்னா.

சரோஜா: வாசப்படிய மிதிச்சுட்டு வந்தா ஊரு பாத்த கணக்குங்களா?

முத்துசாமி: ஐரோப்பா ரயிலுக்கு நாள் கணக்குல பாஸ் எடுத்திருக்கறோம் புள்ள. ஒரு நாளுக்குள்ள எத்தன வண்டி வேணாலும் ஏறி எறங்கலாம்.

சரோஜா: நம்மூருல ஒரே டிக்கெட்டுல வழியில எறங்கித் தங்கிப் போற பிரேக் ஜர்னிக்கு என்னமோ சட்டம் சொல்லுவீங்களே?

முத்துசாமி: 500 கிலோமீட்டருக்கு மேல டிக்கெட்டுன்னா ஒண்ணு. 1000க்கு மேலன்னா ரெண்டு.

சரோஜா: வியன்னா எத்தன?

முத்துசாமி: (குரல் இறங்கி) ஆயிரத்துக்கு மேலதான் வருது.

சரோஜா: அப்ப ரெண்டு.

முத்துசாமி: அட, அது இந்தியன் ரயில்வே சட்டம்!

சரோஜா: உங்களுக்குப் பென்சன் தர்றது எந்த ரயில்வேங்க?

(முத்துசாமி பென்சிலைச் சீவுகிறார். சீவ வேண்டிய அவசியமே இல்லை.)

சரோஜா: மியூனிக்க அடிங்க. அத்தாப்பெரிய ஊருல ஒண்ணேகால் மணி நேரம்னா லாக்கர்ல பொட்டிய வெச்சு, பொட்டிய எடுக்கத்தான் சரியா இருக்கும். சால்ஸ்பர்க்கயும் அடிங்க.

முத்துசாமி: மொசார்ட் பொறந்த ஊரு புள்ள! 1756!

சரோஜா: இருக்கட்டுங்க. வியன்னாவுலருந்து ரெண்டரை மணி நேரந்தான். மக கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கறா. காலையில போயிட்டு ராத்திரி வந்தர்லாம். மூட்டையத் தூக்கீட்டு எதுக்கு அங்க எறங்கோணும்?

முத்துசாமி: இந்தக் கணக்குல பாத்தா ஸ்ட்ராஸ்பர்க்கும் பாரிஸ்லருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான். பையன் கூட்டிட்டுப் போவான்ல?

சரோஜா: அந்த ஊரு கோயில் கெடியாரத்துல பகல் பன்னெண்டரைக்குத்தான் ஏசுவோட பன்னெண்டு சீடருங்க பொம்மையும் வரிசையா வருமாமே, சேவல் மூணு தடவ கூவுமாமே. லீவு நாள்ல உங்க பையன் பல்லு வெளக்கறதே பன்னெண்டரைக்கு.

முத்துசாமி: (உடனே) ஸ்ட்ராஸ்பர்க் ஓகே. அந்தக் கோபுரம் 142 மீட்டர். 1647லருந்து 1874 வரைக்கும் உலகத்துலயே ஒசரமான கட்டடம் அதான்.

சரோஜா: இப்ப?

முத்துசாமி: இப்ப இல்ல. ஆனா உல்ம்ல ஒண்ணு இருக்குது பாரு, 161.5 மீட்டர். உலகத்துலயே ஒசரமான சர்ச்சு! 2025ல பார்சிலோனாக்காரங்க தாண்டீட்டாங்க, அது வேற.

சரோஜா: ஏனுங்க, முன்னாள் எம்.எல்.ஏ.வாப் பாத்துப் பாத்துப் போயி மாலை போடற மாதிரி இருக்குது.

முத்துசாமி: ஐன்ஸ்டீன் பொறந்ததே உல்ம்லதான். 1879. வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே.

சரோஜா: அதையாச்சும் உள்ள போயிப் பாக்கலாமுங்களா?

முத்துசாமி: வீடு இல்ல. யுத்தத்துல குண்டு போட்டதுல போயிருச்சு. அந்த எடத்துக்கிட்ட நினைவுச்சின்னம் இருக்குது.

சரோஜா: செரி. ஸ்டட்கார்ட்ல என்ன இல்லைங்க?

முத்துசாமி: ஸ்டேஷன்! புதுசா பூமிக்கடியில கட்டறாங்க. 2010ல ஆரம்பிச்சாங்க, 2019ல தொறக்கறதா இருந்தாங்க...

சரோஜா: தொறந்தாச்சுங்களா?

முத்துசாமி: ...தேதி தள்ளிக்கிட்டே போகுது. அதைத்தான் போயிப் பாக்கோணும்கறேன்!

சரோஜா: இல்லாத வீடு, முடியாத ஸ்டேஷன். இதுக்கு நாஞ் சோறு கட்டோணும்.

(கீரை முடிந்தது. சரோஜா பென்சிலை வாங்கிக்கொள்கிறாள்.)

சரோஜா: ராத்தங்கல் உல்ம்ல. ஸ்டேஷன்லருந்து கோயில் பத்து நிமிசம், அதத் தாண்டுனா டான்யூப் ஆறு. நம்ம மக ஊருக்குப் போற அதே தண்ணி.

முத்துசாமி: தங்கினா பாஸ்ல இன்னொரு நாள் கழியுமே.

சரோஜா: கழியட்டும். உங்க மூட்டு தேஞ்சா எந்தப் பாஸுல போடுவீங்க? கோபுரத்துக்கு எத்தன படி?

முத்துசாமி: 768.

சரோஜா: பாதியில ஒரு பிரேக் ஜர்னி போட்டுக்கோங்க.

முத்துசாமி: அங்க இன்னொரு சின்ன ஆத்தோரத்துல சாஞ்ச வீடுன்னு ஒண்ணு இருக்குது, இப்ப ஓட்டல். அதுல ரூம் போடட்டா?

சரோஜா: நேரா இருக்கற கட்டடமாப் பாத்துப் போடுங்க.

முத்துசாமி: ரிசர்வேஷன் மட்டும் கேட்டுக்க. பாஸ் இருந்தாலும் டிஜிவிங்கற பிரெஞ்சு அதிவேக வண்டிக்குத் தனியாப் பணம் கட்டிச் சீட்டுப் போடோணும். ஸ்ட்ராஸ்பர்க் வரைக்கும் கட்டுவோம். அப்புறம் சின்ன வண்டியில ரைன் ஆத்தத் தாண்டி ஆஃபன்பர்க் போயிட்டா, ஜெர்மன் வண்டிக்குச் சீட்டுப் போட்டே ஆகோணும்னு இல்ல. அங்கிருந்து உல்ம்... (நிமிர்கிறார்) வழியில ஸ்டட்கார்ட் வரும்!

சரோஜா: வரட்டும்.

முத்துசாமி: முட்டு ஸ்டேஷன் புள்ள! வண்டி தலையக் குடுத்துட்டு, பின்னாலயே திரும்பித்தான் வெளிய வரோணும். நின்னுதான் போகும். பிளாட்பாரத்துல எறங்கி ஒரே ஒரு எட்டு...

சரோஜா: சன்னல் வழியாப் பாருங்க. எறங்கினீங்கன்னா, பாஸ் இருக்கற போனு எங்கிட்ட, புளிச்சோறும் எங்கிட்ட.

முத்துசாமி: ...எந்தப் பக்கச் சன்னல்னு பாத்துச் சொல்றேன், இரு.