தமிழ்நாடுங்கற பேரை ஏலத்துல எடுத்த டீமுக்குக் குடுக்க வேணாம்

நேத்து அக்கா பையன் கூட ஒரு மணி நேரம் வாக்குவாதம். "மாமா, திண்டுக்கல்லுல உக்காந்துகிட்டு நாம எதுக்கு ஐபிஎல்ல சென்னை சென்னைன்னு கத்தணும், ராஜஸ்தான் பஞ்சாப் குஜராத்னு அவங்கல்லாம் மாநிலத்துப் பேரைப் போட்டுக்கிட்டாங்க, நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் (சிஎஸ்கே) டீமுக்கும் தமிழ்நாடுன்னு வெச்சிருந்தா மதுரைக்காரன் கோயமுத்தூர்க்காரன் எல்லாருக்கும் சொந்தமா இருந்திருக்கும்ல"ன்னு கேட்டான். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுல கொஞ்சம் கூட உடன்பாடு இல்ல, அவன்கிட்ட பாதி சொல்றதுக்குள்ள பஸ் வந்துருச்சு, மீதிய இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். ஐபிஎல்ல வித்தது எல்லாம் ஊரைத்தான். 2008ல ராஜஸ்தான் ராயல்ஸ் ஏலத்துல எடுத்தது ஜெய்ப்பூரை, பஞ்சாப் எடுத்தது மொஹாலிய. 2021ல ஏலம் போனது அகமதாபாத், மறு வருஷம் டீம் இறங்குனப்போ பேரு குஜராத் டைட்டன்ஸ். ஊரை வாங்கிட்டு மாநிலத்தை போர்டுல எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான். அந்த டீமுக்கு மொத வருஷமே கோப்பை வாங்கிக் குடுத்த கேப்டன் ஹர்திக் பாண்டியா உள்ளூர் கிரிக்கெட்ல ஆடுறது பரோடாவுக்கு. குஜராத் மாநிலத்துக்குள்ளயே ரஞ்சியில, அதான் உள்ளூர் டீமுங்க மோதுற நாலு நாள் கிரிக்கெட் போட்டியில, குஜராத், பரோடா, சௌராஷ்டிரான்னு மூணு டீம் இருக்கு, ஜடேஜா சௌராஷ்டிராக்காரர். இதுல குஜராத்துங்கற பேரு யாருக்கு சொந்தம்னு அங்க இருக்கறவங்கதான் சொல்லணும்.

இன்னொண்ணு, மாநிலத்துப் பேரு வெச்சா டீம் எங்க வேணா போகலாம், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பஞ்சாப் டீம் தன்னோட ஹோம் மேட்சை இந்தூர்ல ஆடியிருக்கு, தர்மசாலாவுல ஆடியிருக்கு. ராஜஸ்தான் 2023ல இருந்து சில மேட்சை கவுஹாத்தியில ஆடுது, அசாம் எங்க இருக்கு ராஜஸ்தான் எங்க இருக்கு. ஊர்ப் பேருன்னா இப்படி நடக்கும்போது சுருக்குன்னு தைக்கும். 2018ல காவிரிப் போராட்டம் நடந்தப்போ சிஎஸ்கேவோட சேப்பாக்கம் கிரவுண்டுல ஒரே ஒரு மேட்ச் முடிஞ்சதும் மிச்சத்தை எல்லாம் புனேவுக்கு மாத்துனாங்க ஞாபகம் இருக்கா, ரசிகருங்க ஸ்பெஷல் ரயில் ஏறிப் போனாங்க, வாட்சன் சதம் அடிச்சாரு, அந்த வருஷம் கோப்பையும் வந்துச்சு. ஆனா "சென்னை புனேவுல ஆடுது"ன்னு சொல்லும்போதே ஏதோ சரியில்லன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. அது புரியணும். டீமு எந்த மண்ணுக்குக் கடன்பட்டிருக்குன்னு பேருல இருந்தாத்தான் திரும்பி வான்னு உரிமையோட கேக்க முடியும்.

யாழ்ப்பாணத்தை நெனச்சுப் பாருங்க. இலங்கையில நடக்குற லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்ல முதல் மூணு சீசனும் யாழ்ப்பாணம் டீம்தான் சாம்பியன், 2020ல ஸ்டாலியன்ஸ்ங்கற பேருல, அப்புறம் ரெண்டு தடவை கிங்ஸ்ங்கற பேருல. அந்த மூணு சீசன்லயும் ஒரு மேட்ச் கூட யாழ்ப்பாணத்துல நடக்கல. எவ்வளவு பெரிய குறை அது. ஆனா அந்த டீமுக்கு "வடக்கு"ன்னோ வேற ஏதோன்னோ பொத்தாம்பொதுவா பேரு வெச்சிருந்தா இந்தக் குறைய யாராவது கவனிச்சிருப்பாங்களா? யாழ்ப்பாணம்னு இருக்கறதாலதான் அங்க ஏன் இன்னும் ஆடலங்கற கேள்வி நிக்குது.

இப்ப எங்க ஊருக்கு வரேன். திண்டுக்கல்னா வெளியூர்க்காரங்களுக்கு பூட்டு, பிரியாணி, இந்த ரெண்டுதான் தெரியும். 2016ல டிஎன்பிஎல், அதான் தமிழ்நாடு பிரீமியர் லீக், ஆரம்பிச்சு எங்க பக்கத்து நத்தத்துல காலேஜ் கிரவுண்டுல லைட்டு போட்டு மேட்ச் நடந்தப்போ டிவியில "திண்டுக்கல்"னு கமெண்டேட்டர் சொல்றதைக் கேட்டு எங்கம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்தாங்க, அவங்களுக்கு கிரிக்கெட்ல ஃபோர் எது சிக்ஸ் எதுன்னு கூடத் தெரியாது, ஊர்ப் பேரைக் கேட்டு வந்தாங்க. அந்த லீக்ல திண்டுக்கல் டீம்ல ஆடுறவங்க எல்லாம் திண்டுக்கல்காரங்களான்னா கிடையாது, 2024ல கப்பு வாங்கிக் குடுத்த கேப்டன் அஸ்வின் சென்னைக்காரரு. பரவால்ல. அந்த கிரவுண்டு எங்களுது, லைட்டு எரியறது எங்க வானத்துல, மேட்ச் அன்னிக்கு நத்தம் ரோட்டுல டீக்கடைக்காரர் ரெண்டு மடங்கு பால் வாங்குவாரு. ஊர்ப் பேரு போட்ட டீம்னா இதுதான் எனக்கு. சிஎஸ்கேவையும் அப்படித்தான் பாக்குறேன், அது சேப்பாக்கத்து டீமு, மெரினா பக்கத்து டீமு, எனக்குப் புடிச்சிருக்கு, நானா விரும்பி கத்துறேன். தமிழ்நாடுன்னு பேரு வெச்சா நீ தமிழன்னா இந்த டீமுக்குத்தான் கத்தணும்னு ஆயிரும். சின்னப்பம்பட்டியில இருந்து போன நடராஜன் ஹைதராபாத்துக்கு யார்க்கர் போட்டப்போ நாம மனசார கை தட்டினோமா இல்லையா? அவரு "தமிழ்நாடு"ன்னு எழுதின டீமை எதிர்த்துப் பந்து போடுற மாதிரி இருந்திருந்தா அது என்ன கோலம்.

கேரளாவுல மாநிலத்துப் பேரு நல்லாத்தான ஓடுதுன்னு கேப்பீங்க. ஓடுது, கேரளா பிளாஸ்டர்ஸ்ங்கற ஃபுட்பால் டீம் கொச்சியில ஆடினாலும் ஃபுட்பால் வெறி மலப்புறம் கோழிக்கோடு பக்கம்தான் அதிகம், அங்க இருந்தெல்லாம் கிளம்பி வராங்க. ஆனா அதே பேரை கோழிக்கோட்டுல கோகுலம் டீமும் போட்டுக்கிச்சு, ரெண்டு கேரளா. 2024ல கேரளாக்காரங்களே அவங்க மாநிலத்துக்குள்ள ஃபுட்பால் சூப்பர் லீக் ஆரம்பிச்சப்போ மலப்புறம், கண்ணூர், திருச்சூர்னு ஊர் ஊராத்தான் பேரு வெச்சாங்க.

கபடி வேற கதை. அது கிராமத்து ஆட்டம், தஞ்சாவூர் பக்கத்துல இருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் புரோ கபடி லீக்ல பாட்னா டீமுக்குக் கேப்டனா இருந்து கோப்பை வாங்கினவரு, அந்த ஆட்டத்துக்கு ஒரு பெரிய ஊர்ப் பேரை வெச்சா ஒட்டாது. நம்ம கபடி டீமுக்கு தமிழ் தலைவாஸ்னு மொழிய வெச்சதுல எனக்கு வருத்தம் இல்ல.

தமிழ்நாடுங்கற பேரு எங்க இருக்கணும்னா ரஞ்சி டீம் தொப்பியில இருக்கணும். அங்க இருக்கு. 1970 வரைக்கும் மெட்ராஸ்னு ஆடுன டீம் அது, அப்புறம்தான் தமிழ்நாடு ஆச்சு. அந்தத் தொப்பி ஏலத்துல வராது, டிவிஷன் லீக்ல நாலஞ்சு வருஷம் வெயில்ல வெந்து, ரன் அடிச்சு, செலக்டர் கண்ணுல பட்டு வாங்கணும். கடைசியா ரஞ்சி ஜெயிச்சது 1987-88ல. அதுக்கப்புறம் எத்தனை ஃபைனல் போயி தோத்துருக்கோம்.

2019 டிசம்பர்ல அதே நத்தம் கிரவுண்டுல கர்நாடகா கூட ரஞ்சி மேட்ச். கடைசி நாள் வியாழக்கிழமை, லீவு போட்டுட்டுப் போனேன். 181 அடிக்கணும், அதுவும் இல்லன்னா பொழுது சாயற வரைக்கும் நின்னாப் போதும், டிரா. கர்நாடகா பவுலர் கௌதம் ஒருத்தரே எட்டு விக்கெட் எடுத்தாரு. கடைசி நேரத்துல ஒவ்வொரு பந்தைத் தட்டி நிறுத்தும்போதும் இருந்த கொஞ்ச பேரும் கை தட்டினோம், பாட்டு கிடையாது, விசில் கிடையாது. 26 ரன்ல தோத்தோம். வண்டிய எடுத்துட்டு வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேச்சே வரல எனக்கு, சிஎஸ்கே ஃபைனல்ல தோத்தப்போ கூட அப்படி இருந்ததில்ல.

அக்கா பையன் அப்ப ஸ்கூல் படிச்சிட்டிருந்தான், பரீட்சைன்னு விட்டுட்டுப் போயிட்டேன். அடுத்த தடவை நத்தத்துல தமிழ்நாடு ஆடுச்சுன்னா வேலை நாளா இருந்தாலும் நாலு நாளும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். கட்டுச்சோறு அக்கா கட்டித் தரேன்னு சொல்லிருச்சு.