பேக்கர் தெருவில் ஷெர்லாக் மட்டுமா இருந்தார்?

லண்டன் பேக்கர் தெரு பாதாள ரயில் நிலையத்தில் இறங்கினால் சுவர் ஓடுகளிலேயே ஷெர்லாக் ஹோம்ஸ் நிற்கிறார், தொப்பியும் புகைக்குழாயுமாக. வெளியே மேரிலிபோன் சாலையில் அவருக்கு ஒரு சிலை. தெருவுக்குள் போனால் அவர் பெயரில் அருங்காட்சியகம், வாசலில் நீண்ட வரிசை. நான் தேடிப் போனது வேறொருவரை. 'பேக்கர் ஸ்ட்ரீட்' என்ற பாட்டைப் பாடிய ஜெர்ரி ராஃபர்ட்டியின் பெயரை அன்று அந்தத் தெருவில் நான் எங்கேயும் பார்க்கவில்லை. அது இன்னமும் மனதை உறுத்துகிறது.

ஹோம்ஸ் கதைகள் எனக்கும் உயிர்தான். ஆனால் அவருக்கும் அந்தத் தெருவுக்கும் உள்ள உறவு முழுக்கக் கற்பனை. கானன் டாயில் எழுதத் தொடங்கிய காலத்தில் பேக்கர் தெருவில், கதையில் ஹோம்ஸ் வீட்டுக்கு அவர் கொடுத்த 221 என்ற எண்ணே கிடையாது. பிறகு அந்த எண் வந்தபோது அது ஒரு நிதி நிறுவனத்தின் கட்டடத்துக்குப் போனது. ஹோம்ஸ் பெயருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் போடவே அவர்கள் ஓர் ஆளை வைத்திருந்தார்கள்! டிவி தொடர்களும் அப்படித்தான். 1984இல் தொடங்கிய ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த தொடருக்கு மான்செஸ்டரில் செட் போட்டுத் தெருவை உண்டாக்கினார்கள். 2010இல் வந்த கம்பர்பேட்ச் தொடரில் நாம் பார்த்த வாசல், நார்த் கோவர் தெருவின் 187ஆம் எண் வீட்டுடையது.

ராஃபர்ட்டி அப்படியில்லை. அவர் நிஜமாகவே அங்கே தங்கியவர். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்க்காரர். அவருடைய இசைக்குழு 1975இல் உடைந்தது. ஒப்பந்தச் சிக்கலில் மூன்று வருடம் புதிதாக எதையும் வெளியிட முடியவில்லை. வக்கீல்களைப் பார்க்க அடிக்கடி லண்டனுக்கு ரயிலேறினார். வந்தால் பேக்கர் தெருவை ஒட்டிய நண்பர் வீட்டில் தங்கல். இரவெல்லாம் பேச்சும் கிட்டாருமாக இருந்த அந்த நாட்களிலிருந்துதான் 1978இல் 'பேக்கர் ஸ்ட்ரீட்' வந்தது. குடித்துவிட்டுத் தெருவில் நடக்கிற ஒருவன், குடியை விட்டுவிட்டு எங்காவது அமைதியாக வாழப் போகிறேன் என்று கனவு காண்கிற ஒரு நண்பன், கடைசியில் விடிகிற காலை. பெரிய ஊரில் வேலைக்காக ஒண்டிக் கிடந்த யாருக்கும் அந்தப் பாட்டு புரியும். எனக்குப் புரிந்தது.

அப்புறம் அந்த சாக்ஸஃபோன். பாட்டின் பல்லவி இருக்க வேண்டிய இடத்தில் சொல்லே கிடையாது, சாக்ஸஃபோன்தான் பாடுகிறது. வாசித்தவர் ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட். மெட்டு யாருடையது என்று பல வருடம் வாதம் நடந்தது. 2011இல் அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது பாட்டின் பழைய டெமோ பதிவும் சேர்ந்து வந்தது. அதில் ராஃபர்ட்டி அதே வரியைக் கிட்டாரில் வாசித்திருக்கிறார். ஆகவே மெட்டு அவருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிட்டாரில் கேட்டால் அது நல்ல மெட்டு, அவ்வளவுதான். நெஞ்சைப் பிசைவது ரேவன்ஸ்கிராஃப்டின் மூச்சு. சுருதி சரியாகச் சேரவில்லை என்று அவரே பின்னாளில் வருத்தப்பட்டார். எனக்கென்னவோ அந்தச் சின்னப் பிசகில்தான் பாட்டில் வரும் அந்த மனிதனின் களைப்பே இருக்கிறது என்று தோன்றும்.

பாட்டு பிரிட்டனில் 3ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் ஆறு வாரம் 2ஆம் இடத்திலேயே நின்றது. 1992இல் அண்டர்கவர் குழு அதை நடனப் பாட்டாக்கி பிரிட்டனில் 2ஆம் இடம் பிடித்தது. ஃபூ ஃபைட்டர்ஸ் ராக் குழுவினர் சாக்ஸஃபோன் வரியைக் கிட்டாரில் முழக்கினார்கள். டிவியும் விடவில்லை. 1997இல் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் லிசா என்ற சிறுமிக்கு சாக்ஸஃபோன் எப்படிக் கிடைத்தது என்று ஒரு கதை வந்தது. அதன் முடிவில் அவள் வாசிப்பது இதைத்தான். பிரிட்டனிலோ அந்த சாக்ஸஃபோனை வாசித்தது டிவி வினாடி வினா நடத்திய பாப் ஹோல்னஸ் என்று ஒரு பொய்க்கதை கிளம்பி, பலர் அதை நம்பவே நம்பினார்கள். உண்மையில் வாசித்தவரின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? இதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

ராஃபர்ட்டி 2011 ஜனவரியிலும் ரேவன்ஸ்கிராஃப்ட் 2014 அக்டோபரிலும் இறந்துபோனார்கள். ஹோம்ஸின் சிலையை யாரும் எடுக்க வேண்டாம். அந்த ரயில் நிலையச் சுவரில் ஓர் ஓரமாக ஒரு சின்னப் பலகை போதும். ராஃபர்ட்டி பெயர், பக்கத்திலேயே ரேவன்ஸ்கிராஃப்ட் பெயர். இரண்டும் ஒரே அளவு எழுத்தில்.