பார்டர் போட்டால் நிற்கிறது, எடுத்தால் ஓடுகிறது

இணையப் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்கிற மொழிதான் சிஎஸ்எஸ். இனிமேல் யாராவது என்னிடம் வந்து "சிஎஸ்எஸ்ஸா, அது சும்மா கலர் மாத்துற வேலைதானே" என்று சொல்லட்டும். லேப்டாப்பை அவர் மடியில் வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஒரு நீலப் பெட்டி. அதற்குள் ஒரு தலைப்பு. அது பெட்டியின் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, கொஞ்சம் இறங்கட்டும் என்று தலைப்புக்கு மார்ஜின்-டாப், அதாவது மேலே வெளிப்பக்க இடைவெளி, 40 பிக்சல் கொடுத்தேன். நான் கேட்டது அவ்வளவுதான். தலைப்பு இறங்கவில்லை. நீலப் பெட்டி மொத்தமாக இறங்கிவிட்டது. பக்கத்தின் உச்சியில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. தலைப்போ விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கியிருக்கிறது. பிள்ளை கையில் கொடுத்த காசை அப்பன் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்ட கதை.

சரி, பாடிக்கு, அதாவது பக்கத்தின் மொத்த உள்ளடக்கத்துக்கு, பிரவுசர் தானாகவே 8 பிக்சல் மார்ஜின் போடுமே, அதுவாக இருக்கும் என்று அதைப் பூஜ்யமாக்கினேன். இடது வலது இடைவெளி மரியாதையாகப் போனது. மேலே இருந்த பட்டை அசையவே இல்லை. பெட்டியின் மார்ஜினும் பூஜ்யம். ம்ஹூம். மற்ற விதிகளை எல்லாம் மீறச் சொல்கிற இம்பார்ட்டன்ட் போட்டேன். ம்ஹூம். பிரவுசர் சேமித்து வைக்கிற பழைய நகலான கேஷை அழித்தேன், வேறு பிரவுசரில் திறந்தேன். மற்ற விஷயங்களில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற பிரவுசர்கள், என்னைக் கடுப்பேற்றுவதில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை!

அப்புறம் வந்தது உச்சகட்டம். எது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் பார்டர் போட்டுப் பார் என்பார்கள் இல்லையா? போட்டேன். 1 பிக்சல், சிவப்பு. உடனே எல்லாம் சரியாகிவிட்டது! பட்டை காணோம், தலைப்பு சமர்த்தாக 40 பிக்சல் இறங்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பார்டரை எடுத்தேன், பட்டை திரும்பி வந்துவிட்டது. போட்டேன், போய்விட்டது. எடுத்தேன், வந்துவிட்டது. நோயைக் கண்டுபிடிக்க எடுத்த எக்ஸ்ரேயே நோயைக் குணமாக்குகிறது, எக்ஸ்ரே மிஷினை ஆஃப் செய்தால் காய்ச்சல் திரும்புகிறது என்றால் எந்த மனிதன் உருப்படுவான்?

இதற்குப் பெயர் மார்ஜின் கொலாப்ஸ். 1996இல் வந்த முதல் சிஎஸ்எஸ் பதிப்பிலேயே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே 30, கீழே 20 என்று இரண்டு மார்ஜின் சந்தித்தால் 50 கிடையாதாம், பெரியது மட்டும்தானாம், 30. பத்திகளுக்கு நடுவே இடைவெளி இரட்டிப்பாகாமல் இருக்க இது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிப்பெட்டியான அப்பாவும் உள்ளே இருக்கிற பிள்ளையும் ஏன் சேர வேண்டும்? நடுவில் பார்டரோ, பேடிங் என்கிற உள்பக்க இடைவெளியோ இருந்தால் சேராது. இல்லையென்றால் பிள்ளையின் மார்ஜின் அப்பாவைத் தாண்டி வெளியே போய்விடும். மேலும் கீழும் மட்டும்தான் இந்தக் கூத்து, இடது வலதில் கிடையாது. உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்குகிற ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்குள் போட்டால் கிடையாது. பெட்டியைத் தாண்டி வழிவதை மறைக்கிற ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்டாலும் கிடையாது, ஆனால் அப்போது பெட்டிக்கு வெளியே தொங்க வேண்டிய மெனு வெட்டுப்பட்டு நிற்கும். எதையும் வெட்டாமல் பிள்ளையின் மார்ஜினை உள்ளேயே நிறுத்த டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் என்று ஒன்று இருக்கிறது. அதை எந்த டுடோரியல்காரராவது முதல் பாடத்தில் சொல்கிறாரா? பட்டனுக்கு நிழல் போடச் சொல்லித்தருவார்.

இதில் கொடுமை என்னவென்றால், சிஎஸ்எஸ் விதிகளை எழுதுகிற பணிக்குழு தங்கள் விக்கியில் தாங்கள் செய்த பிழைகளைப் பட்டியலாகவே போட்டு வைத்திருக்கிறது. யாராவது டைம் மெஷின் கண்டுபிடித்தால் திருத்தவேண்டியவையாம்! மார்ஜின் கொலாப்ஸும் அதில் இருக்கிறது. விட்த், அதாவது அகலம், என்றால் பேடிங்கையும் பார்டரையும் சேர்த்துத்தான் என்று ஆரம்பத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 அப்படித்தான் கணக்குப் போட்டது. தப்பு தப்பு என்று ஊரே அதைக் காறித் துப்பியது. இன்றைக்கு அதே ஊர்தான் ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் முதல் வரியாக, அதே கணக்கைக் கேட்கிற பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ப்ளோரரிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

கடைசியில் தலைப்பின் மார்ஜினைத் தூக்கிவிட்டுப் பெட்டிக்கு பேடிங் கொடுத்தேன், முடிந்தது. முடிந்ததும் சிரிப்புதான் வந்தது. 40 பிக்சலுக்கு ஒரு சாயங்காலம். விரலை வைத்து மறைத்தால் மறைந்துபோகிற பட்டை.

இதை டைப் செய்துகொண்டிருக்கும்போதே மேல் வீட்டில் டிரில் போட ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு யார் சார் சுவரில் ஓட்டை போடுவது? அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். கட்டைவிரலை உயர்த்தி எமோஜி போட்டிருக்கிறார், அந்த மேல் வீட்டுக்காரரே!