விவசாயிக்கு ரிஸ்க் எடுக்கப் பயமா?

விவசாயத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "நம்ம ஆளுங்களுக்கு ரிஸ்க் எடுக்கப் பயம், அதான் முன்னேறல" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். எனக்கு எரிச்சலாக வரும். இதை 1970களிலேயே காசு வைத்துச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், மகாராஷ்டிர, ஆந்திர மானாவாரி கிராமங்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்துவந்தது. அங்கே ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர் விவசாயிகளோடு பூவா தலையா ஆடினார். எது விழுந்தாலும் 50 ரூபாய் வேண்டுமா, அல்லது ஒன்று விழுந்தால் 200, மற்றது விழுந்தால் பூஜ்யமா? இடையில் இன்னும் சில படிகள். ஐம்பது பைசா ஆட்டத்தில் தொடங்கிப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஜெயித்த பணம் கைக்கே வந்தது. பெரிய ஆட்டத்தில் அது அன்றைய கூலியாளின் மாத வருமானத்தையே தாண்டும். அவ்வளவு பணம் என்றால் யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டார்கள், இல்லையா?

1980இல் முடிவுகள் வெளிவந்தன. தொகை பெரிதானதும் பெரும்பாலோர் மிதமான எச்சரிக்கைக்கு வந்து நின்றார்கள். அதைவிட முக்கியம், வசதியானவருக்கும் ஏழைக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் ஒருவர் உரமும் புது விதையும் வாங்க, இன்னொருவர் தயங்குவது ஏன்? மனசில் இல்லை காரணம். கடன் யாருக்குக் கிடைக்கிறது, சந்தை யாருக்கு எட்டுகிறது என்பதில் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. நாணயத்தில் பாதிக்குப் பாதி என்று தெரியும். மழைக்கு அப்படிக் கணக்கில்லை. ஆட்டத்தில் தோற்றால் பூஜ்யம்தான், வயலில் தோற்றால் அதற்கும் கீழே, வட்டியோடு.

சரி, வயலிலேயே செய்த சோதனைக்கு வருவோம். மேற்குக் கென்யாவில் கரும்பு விவசாயிகளிடம் பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தை முன்கூட்டியே கேட்டபோது சேர்ந்தவர்கள் 5 சதவீதம். அதையே அறுவடைப் பணத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்றதும் 72 சதவீதம். முன்பணத்தில் 30 சதவீதம் தள்ளுபடி தந்தும் கூட்டம் கூடவில்லை. கசாபூரி, வில்லிஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இது.

நாமோ உழவு, விதை, உரம் என்று கை காலியாகும் நேரம் பார்த்துத்தான் பிரீமியம் கேட்கிறோம். கரும்பு ஆலைகள் பயிர்க்கடனைக் கரும்புப் பணத்தில் பிடிப்பது இங்கே பழகிய ஏற்பாடுதான். பிரீமியத்தையும் அப்படிப் பிடித்துப் பார்க்கலாமே. ஆனால் விவசாயிக்குச் சேர வேண்டிய கரும்புப் பண நிலுவையைத் தராமல் இழுத்தடிக்கும் ஆலைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார். அதையும் பயம் என்று சொல்லிவிடாதீர்கள்.