ரசம் கொட்டியது அவன் கை. கத்தியது அண்ணன் வாய்

ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பந்தியில் நடந்ததை உறவினர்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. மூன்று நாட்களாக எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள்: "அந்தப் பையன் ரசத்தைக் கொட்டாமல் இருந்திருந்தால் அண்ணன் ஏன் கத்தப் போகிறார்?"

கொட்டியது அந்தப் பையன்தான். பட்டு வேட்டி கறையானதும் உண்மை. ஆனால் அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் அவன் தாயை இழுத்துப் பேசியது அண்ணனின் வாய். அந்தச் சொற்களை அவன் வாளியில் கொண்டுவந்து ஊற்றவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே முகூர்த்த நாட்களில் பரிமாற வருகிறவன் அவன். திட்டு வாங்கிய பிறகும் அடுத்த இலைக்குப் போய் "மோர் வேண்டுமா?" என்று கேட்டான். கை நடுங்கியது. நான் அந்த இலையில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனுக்கு மேஷ ராசி, ஏழரைச் சனி நடக்கிறது, அதனால்தான் இந்தக் கோபம் என்கிறார் அத்தை. அத்தைமேல் எனக்கு மரியாதை உண்டு, ஜாதகத்தைப் பழிக்கவும் இல்லை. கணக்கை மட்டும் பார்ப்போம். சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இருக்கிறார். ஏழரை என்பது மூன்று ராசிக் காலம். எந்த நேரத்திலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் அன்றைய பந்தியில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஏழரை. மற்றவர்கள் எல்லோரும் பாயசம் குடித்துவிட்டுக் கை கழுவப் போனார்களே! 2019இல் வாடகைக் கார் ஓட்டுநரை அடிக்க அண்ணன் கை ஓங்கியபோது சனி தனுசில் இருந்தார். மேஷத்துக்கு அது ஏழரையும் அல்ல, எட்டாமிடத்து அட்டமச் சனியும் அல்ல. அன்றைக்கு யாரைக் குற்றம் சொன்னோம்? ஓட்டுநரைச் சொன்னோம்.

சர்க்கரை நோயாளி, பசி நேரம் என்கிறீர்கள். இதில் நியாயம் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் படபடப்பும் எரிச்சலும் வரும் என்பது மருத்துவர்கள் சொல்வது. சரி, சாப்பிட்ட பிறகு? சாயங்காலம் வரை மண்டபத்தில்தானே இருந்தார்? அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

அன்று காலையில் நடந்த இன்னொன்றையும் நான் பார்த்தேன். கட்சிப் பிரமுகர் ஒருவரின் கார் மண்டப வாசலை அடைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றது. அண்ணனின் கார் வெளியே வெயிலில். இறங்கி வந்த பிரமுகரைப் பார்த்து அண்ணன் கைகூப்பிச் சிரித்தார். கட்டுப்படுத்தவே முடியாத கோபம் என்றால் அது அங்கேயும் வந்திருக்க வேண்டும். பலிக்காத இடத்தில் கோபம் கொள்வது தீது, பலிக்கும் இடத்தில் கொள்வதைவிடத் தீயது வேறில்லை என்று வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது இதைத்தான். ஆளைப் பார்த்து வருகிற கோபம், கோபப்படுகிறவரின் முடிவு.

இது எனக்கு வீட்டிலேயே தெரிந்த பாடம். அப்பா நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே நாங்கள் மூவரும் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். தட்டு பறந்த நாட்களில் "பாவம், சூப்பர்வைசர் ஏதாவது சொல்லியிருப்பார், நீங்களும் சத்தம் போடாமல் இருந்திருக்கலாம்" என்பாள் அம்மா. சூப்பர்வைசர் முன்னால் அப்பா ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. வீட்டில் மட்டும் அவர் கோபத்துக்கு நாங்கள் பொறுப்பாளிகள். எட்டு வயதில் அதை நான் நம்பினேன்.

குடும்ப விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்பீர்கள். பந்தியில் கத்தியபோது அது குடும்ப விஷயமாக இல்லையே! அந்தப் பையனுடைய அவமானம் ஊர் பார்க்க நடக்கலாம், அதைத் தவறு என்று சொல்வது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நடக்க வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர்கூட அவன் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

அப்படியானால் திட்டு வாங்கியவனும் தன் மனநிலைக்குத் தானே பொறுப்பா என்று மடக்கலாம். இல்லை. அவன் அன்றிரவு அழுதிருந்தால் அதற்குக் காரணம் அண்ணன்தான். வலி வேறு, அந்த வலியைக் கொண்டுபோய் இளைத்தவன் தலையில் இறக்குவது வேறு.

இவ்வளவும் எழுத எனக்கு என்ன தகுதி என்றும் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு அலுவலகத்தில் ஒரு மோசமான நாள். வீட்டுக்கு வந்தால் மகன் என் மேசையில் தண்ணீரைக் கொட்டி வைத்திருந்தான். கத்தித் தீர்த்துவிட்டு, "நீதான் என்னை இப்படிக் கத்த வைக்கிறாய்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்குக் கேட்டது. அன்றிரவே அவனை எழுப்பி, கோபம் என்னுடையது, உன்னால் இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சரி அம்மா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நேற்றும் டம்ளர் சாய்ந்தது. துணி எடுக்க ஓடுவதற்கு முன்னால் அவன் என் முகத்தைத்தான் பார்த்தான்.