நார்வேக்காரர்களின் 12 விடுமுறை

நார்வேயின் விடுமுறைகளைப் பட்டியலிட்டு நீங்கள் எழுதிய கட்டுரை, அங்கே ஆண்டுக்கு 12 பொது விடுமுறை, கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்கிறது. பட்டியல் சரிதான், ஆனால் அதில் ஈஸ்டரும், அதற்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாளும் எப்போதுமே ஞாயிறு, ஆகவே கையில் நிற்பது பத்துதான். அப்புறம், விடுமுறை சனி ஞாயிறில் விழுந்தால் போனது போனதுதான், ஈடாக இன்னொரு நாள் தரமாட்டார்கள். 2027-ஐப் பாருங்கள்: மே 1 சனி, கிறிஸ்துமஸ் சனி, மறுநாள் ஞாயிறு, போதாததற்கு தேசிய நாளான மே 17-ம், பெந்தெகொஸ்தேக்கு மறுநாள் திங்கள் விடுமுறையும் ஒரே நாளில் வருகின்றன!

அந்த மே 17-ஐக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. 1814-ல் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் நார்வேயின் அரசியலமைப்பில் கையெழுத்திட்ட நாள் அது. தேசிய நாள் என்றதும் நமக்கு ராணுவ அணிவகுப்புதான் நினைவுக்கு வரும், அங்கே பள்ளிப் பிள்ளைகள்தான் நாயகர்கள். ஓஸ்லோவில் ஒவ்வொரு பள்ளியாகப் பேண்டு வாத்தியத்தோடு கார்ல் யோகான் தெரு வழியே அரண்மனைக்குப் போக, அரச குடும்பம் மாடத்தில் நின்று கையசைத்துக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் அவரவர் வட்டாரத்துப் பாரம்பரிய உடையான பூனாட்டில், வெள்ளிப் பொத்தான் மின்ன வருவார்கள். பிள்ளைகள் எத்தனை ஐஸ்கிரீம் கேட்டாலும் அன்றைக்குத் தடை கிடையாது.

ஈஸ்டருக்கு மலைவீடு, பனிச்சறுக்கு, ஆரஞ்சு, கூடவே துப்பறியும் கதை. பால் அட்டைப்பெட்டியில்கூட மர்மக்கதை அச்சிடுகிறார்கள், அப்படி ஒரு பைத்தியம்.

பிப்ரவரி 6, வடக்கே வாழும் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களின் தேசிய நாள், உங்கள் பட்டியலில் இல்லை. விடுமுறை இல்லைதான், ஆனால் அதிகாரபூர்வமாகக் கொடியேற்றும் நாள், சேர்த்துவிடுங்கள்.